ஒன்று முதல் ஐந்து வரை

கேன்டீன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு அக்கா, "நாலு" என்பாள். டீ ஊற்றுகிறவர் காதில் விழும்படியே சொல்வாள். ஐந்துக்கு நாலு என்றால் பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டு, அதே டீக்காரரே அடுத்த வருடமும் இருக்கட்டும் என்று நான் சிபாரிசு எழுதினேன். ரம்ஜானுக்குத் தையல் லைனில் அவளோடு வேலை செய்த பெண் ஒருத்தி பிரியாணி கொண்டுவந்தாள். அக்கா டப்பாவை விரலால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "ஒன்னு" என்றாள். ஆசையாகக் கொண்டுவந்தவளிடம் இவ்வளவு வாய் ஆகாது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பிரியாணி கொடுத்தவள் ஏன் அப்படிச் சிரித்தாள் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கம்பெனியில் எல்லோருக்கும் அவள் அக்கா. எனக்கும் அக்காதான், நான் அங்கே ஆபீசராக இருந்தபோதும்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சமூகப்பணி படித்துவிட்டு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசராகச் சேர்ந்திருந்தேன். காட்பாடியிலிருந்து தினமும் ரயில். கேட்டை ஒட்டி ஏசி அறை, மேஜையில் கண்ணாடி, கதவில் என் பெயர்ப் பலகை. தையல் லைனுக்குள் நான் போனதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடப்பதற்குத்தான். அங்கே தோலும் பசையும் கலந்த வாசனை தலைவலியைக் கொடுக்கும், சீக்கிரம் வெளியே வந்துவிடுவேன். தொழிலாளர் நலன் என் வேலை.

அக்காவின் இடம் லைனின் கடைசி மேஜை. செக்கிங். தைத்து வரும் ஷூவின் மேல்பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, தையலின் மேல் கட்டைவிரலை ஒரு ஓட்டு ஓட்டுவாள். கண் வேறெங்கோ இருக்கும். ஒரு தையல் தப்பியிருந்தாலும் விரல் நின்றுவிடும். சின்னச் சீட்டில் ஒரு எண்ணை எழுதி ஒட்டித் தள்ளுவாள். முப்பத்தாறு வயது, கட்டையான உடம்பு, பின்னலை மடித்துக் கட்டிய தலை. வீட்டுக்காரர் லாரி ஷெட்டில் மெக்கானிக். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில்.

ஒருமுறை கண்டெய்னர் வெளியே நின்றுகொண்டிருந்தது. இருநூறு ஜோடி குறைகிறது. ஃப்ளோர் மேனேஜர் வந்து மேஜையைத் தட்டி, "இந்த தடவ மட்டும் பாஸ் பண்ணும்மா, வெள்ளக்காரன் இன்னா பூதக்கண்ணாடி வெச்சா பாக்கப் போறான்?" என்றார். அக்கா எழுந்து பேனாவை அவர் கையில் கொடுத்துவிட்டாள். "நீங்களே போடுங்க சார். என் கை தப்பா எழுதாது." அவர் கத்தினார், சஸ்பெண்ட் செய்வேன் என்றார். இவள் கைகட்டி நின்றாள். கடைசியில் கண்டெய்னர்தான் காத்திருந்தது. இந்தக் கதை என் அறை வரைக்கும் வந்தது. திமிர் பிடித்தவள் என்று மேனேஜர் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன்.

மைதானத்திலும் அதே குணம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், முள்ளும் கல்லும் பொறுக்கிச் சுத்தம் செய்த ஒரு திடலில் எங்கள் பெண்கள் ஷிஃப்ட் முடிந்ததும் கபடி பழகுவார்கள். பன்னிரண்டு பேர். அவள் கேப்டன். கம்பெனிகளுக்குள் நடந்த ஒரு ஆட்டத்தில், எதிரணிப் பெண்ணின் நகம் அக்காவின் தோளில் பட்டும் படாமல் போனது. அம்பயர் பார்க்கவில்லை, பாடி வந்தவளுக்கே தெரியவில்லை. அக்கா கையைத் தூக்கி, "தொட்டுட்டா சார், நா அவுட்டு" என்று தானே வெளியே போய் நின்றாள். ஒரு பாயிண்டில் தோற்றோம். பெண்கள் பஸ்ஸில் அவளோடு பேசவில்லை. இறங்குகிற வரைக்கும் அவள் ஒவ்வொருத்தியின் முழங்காலையும் கணுக்காலையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள். "இங்க நோவுதா? இங்க?" பேசாமல் இருந்தவர்களும் காலை மட்டும் நீட்டினார்கள். யாருக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்காமலே அந்த விரலுக்குத் தெரியும். யார் வீட்டில் சண்டை, யார் சாப்பிடாமல் வந்திருக்கிறாள், எல்லாம் தெரியும்.

அந்தப் பொங்கலுக்கு அம்மா எனக்குக் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு புடவை எடுத்துக் கொடுத்தாள். கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். அக்கா பார்டரில் விரலை ஓட்டிவிட்டு, "ஒன்னு மேடம்" என்றாள். முகத்தில் அடித்ததுபோல் இருந்தது. விளையாட்டாக எடுத்துக்கொள்வதுபோல் நடித்து, "சரி, எனக்கு எத்தன போடுவீங்க?" என்று கேட்டேன். குறைந்தது மூன்று தேறும் என்று நம்பினேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, "உங்களுக்கின்னா மேடம், ஒன்னு தான்" என்றாள். பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் அன்று ரயிலில் அழுதுகொண்டே போனேன். புடவை பீரோவின் அடித்தட்டுக்குப் போனது. அதற்குப் பிறகு மைதானத்துக்குப் போவதையும் குறைத்துக்கொண்டேன். அவளிடம் பேச வேண்டியதை செக்யூரிட்டி மூலம் சொல்லி அனுப்பினேன். இருபத்து நான்கு வயதுக் கோபம், அதற்கு மேல் நியாயம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்த நேரத்தில்தான் 'மன வலிமை' என்று ஒரு திட்டம் வந்தது. விளையாட்டு அணிகளின் மனநிலையை அளப்பது இப்போது உலகமெங்கும் நடக்கிறது, நம் பெண்களுக்கும் செய்தால் ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களுக்குக் காட்டலாம் என்று மேலிடம் முடிவு செய்தது. பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து ஆங்கிலத்தில் ஒரு படிவம் கொடுத்தார். தமிழாக்கம் என் பொறுப்பு. தூக்கம், மனத்தெம்பு, தோற்ற பிறகு எழுந்து நிற்பது, கூட ஆடுகிறவர்கள் மேல் நம்பிக்கை, நாளையைப் பற்றிய நினைப்பு என்று பத்துத் தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று முதல் ஐந்து வரை கட்டம். தமிழில் போட்டபோது இரண்டாம் பக்கத்துக்கு ஓடியது. ஒரே தாளில் அடக்குவதற்காக மேலே இருந்த விளக்க வரிகளை எடுத்துவிட்டேன். வாயாலே சொல்லிவிட்டால் போயிற்று.

சொன்னேன். பன்னிரண்டு பேரையும் கேன்டீனில் உட்கார வைத்துச் சொன்னேன். ஒரு நல்ல உதாரணம் தோன்றியதில் எனக்கு ஒரே பெருமை. "லைன்ல பீஸ் பாக்கறீங்க இல்ல? அதே மாதிரி உங்க மனச நீங்களே எடுத்து செக் பண்ணுங்க. உண்மையா நம்பர் போடுங்க. யார்கிட்டயும் காட்ட வேணாம், கவர்ல ஒட்டிக் குடுங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். பெங்களூர்க்காரர் எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

வாரா வாரம் சனிக்கிழமை கவர்கள் வந்தன. அக்காவின் தாளில் முதல் வாரமே எட்டு ஐந்தும் இரண்டு நாலும். அடுத்த வாரம் பத்தும் ஐந்து. அதற்கு அடுத்த வாரமும். திமிர் பிடித்தவள் என்றாலும் இரும்பு மனுஷிதான் என்று நினைத்தேன், பச்சை மையால் வட்டம் போட்டேன். நான்கு பெண்கள் ஒன்றும் இரண்டுமாகப் போட்டிருந்தார்கள். அவர்களை ஆட்டத்தில் இறக்காமல் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லி எழுதினேன். அதில் ஒருத்தி ஒரு நாள் என் அறை வாசலில் வந்து, "நல்லா இருக்கறவங்கள தான் உக்கார வெப்பீங்களா மேடம்?" என்று கேட்டாள். பாவம், தோல்வியை ஏற்க முடியாமல் இப்படிப் பேசுகிறாள் என்று குறிப்பில் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு அக்காவைக் கூப்பிட்டேன். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "நீங்க மனசளவுல ரொம்ப ஸ்ட்ராங்க்கா. இந்த நாலு பேரு ரொம்ப வீக்கா இருக்காங்க. தலைவின்னா தாங்கிப் பிடிக்கணும். தினம் அவங்களப் பாருங்க, வீட்டுக்குப் போய் பேசுங்க."

 "நா ஸ்ட்ராங்கா மேடம்?"

"பின்ன? பேப்பர் சொல்லுதே."

"அந்த நாலு பேரும் நல்லாத்தான இருக்குதுங்க. என் கைக்கு ஒன்னும் தெரியலியே."

"அவங்களே எழுதிக் குடுத்துருக்காங்கக்கா."

அவள் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அன்றிலிருந்து ஷிஃப்டும் பயிற்சியும் முடிந்து, நான்கு வீட்டுக்கும் நடந்து போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். நன்றாக இருந்த நான்கு பெண்களும் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு பெண் இருந்தாள். ஆட்டத்தில் வலது ஓரத்தில் நின்று, பாடி வருகிறவளின் காலைப் பிடிப்பவள். நாலும் ஐந்துமாகப் போட்டிருந்தாள். வாணியம்பாடியில் ஆட்டம் நடந்த அன்று நான் போயிருந்தேன். அக்கா ஓடி வந்தாள். "மேடம், அவள இன்னிக்கி எறக்காதீங்க. கண்ணே இங்க இல்ல. அவ சரியில்ல மேடம்."

நான் கோப்பைத் திறந்து காட்டினேன். "பேப்பர்ல பாருங்க, அஞ்சு போட்டுருக்கா."

"அதத்தான் நானும் சொல்றேன்!"

"அப்பறம் என்னக்கா? ஆடட்டும்."

அக்கா திரும்பிக் களத்துக்குப் போனாள். ஆபீசுக்கு ஏதோ கணக்கு இருக்கும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அந்தப் பெண் இரண்டாவது பாதியில் எங்கோ பார்த்துக்கொண்டே குதித்து, தோள் தரையில் மோத விழுந்தாள். காரை எலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "தெரிஞ்சும் வுட்டேனே, தெரிஞ்சும் வுட்டேனே." விபத்துக்குப் பிறகும் குழுவைத் தாங்கும் தலைமை என்று அறிக்கையில் எழுதினேன். சத்தியமாக எழுதினேன், நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆண்டு விழாவில் அவளுக்கு மன உறுதிக்கான கேடயம் கொடுத்தோம். மேடைக்கு வந்தவள் கேடயத்தைக் கையில் வாங்கி, வழக்கம்போல் விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன். "அஞ்சு போட்டா இதான் குடுப்பீங்களா மேடம்?" என்று மெல்லக் கேட்டாள். "ஆமாக்கா, நீங்க போட்ட அஞ்சுக்குத்தான்" என்று சிரித்தபடி கை தட்டினேன்.

அதற்கு அடுத்த ஆட்டத்தில் அவள் உட்கார்ந்துவிட்டாள். பாடிக்கொண்டு போனவள், எதிரணிக் களத்தின் நடுவில் பாட்டை நிறுத்தி, மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். யாரும் அவளைப் பிடிக்கவில்லை. அடிபடவில்லை. ஏழு பெண்கள் சுற்றி நின்று என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்தார்கள். நான் ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன். மண்ணைப் பார்த்தபடி, "எழுதிக் குடுத்துக்னே தான மேடம் இருந்தேன்" என்றாள். நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது.

மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. பத்து நாள் கழித்து, அவளுடைய ஏப்ரனையும் டிபன் டப்பாவையும் எடுத்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று நானே லைனுக்குள் போனேன். கடைசி மேஜையில் ஒரு புதுப் பெண். மேஜைக்கு மேலே சுவரில் ஒரு பழைய அட்டை, விரல் பட்டுப் பட்டு எழுத்து மங்கியிருந்தது. ஒன்று முதல் ஐந்து வரை எண்கள்.

"இது என்னம்மா?"

"செக்கிங் நம்பர் மேடம். ஒன்னுன்னா குத்தமே இல்ல, நேரா பேக்கிங். ரெண்டு, மூணுன்னா ரிப்பேரு. நாலு தேறறது கஷ்டம். அஞ்சுன்னா ரிஜெக்ட். வெட்டிப் போட்ருவாங்க." எனக்கு இதுகூடத் தெரியாதா என்று அவள் ஆச்சரியப்பட்டாள். "நாங்க எதுக்குமே இந்த நம்பர் தான் சொல்லுவோம் மேடம்."

மிஷின் சத்தம் நின்றுவிட்டதுபோல் இருந்தது.  டீ. பிரியாணி. புடவை. நான். பெஞ்சில் உட்கார வைத்த நான்கு பேர். உடைந்த தோள். வாரா வாரம் பத்துக் கட்டத்திலும் ஐந்து என்று எழுதி, ஒட்டி, என் கைக்கு அனுப்பியவள். தப்பாக எழுதாத கை. அறைக்கு ஓடிவந்து கோப்பைத் திறந்தேன். அத்தனை ஐந்துகளும் என் பச்சை வட்டங்களுக்குள் உட்கார்ந்திருந்தன. 

அவள் பள்ளிகொண்டாவில் தங்கை வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த நாள் போனேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்தக் கத்திரிப்பூப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். அது ஒன்றுதான் எனக்குத் தோன்றியது.

மதிய வெயில். முன்னறையில் பாய் மேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். தலை வாரவில்லை. தங்கை ஒரு நாற்காலி போட்டுவிட்டுச் சமையலறை வாசலில் நின்றாள். நான் பாயிலேயே உட்கார்ந்தேன்.  அக்காவின் பார்வை என் புடவையில் வந்து நின்றது.

"இத அன்னிக்கி ஒரு நாள் கட்டுனதோட சரி. ஏன் மேடம் அப்பறம் கட்டவே இல்ல? எவ்ளோ நல்லா இருந்துச்சு."

"நீங்கதான் ஒன்னு குடுத்தீங்களேக்கா."

"ஆமா. ஒன்னுதான் குடுத்தேன்." நெற்றியைச் சுருக்கினாள். என்னைப் பார்த்தாள், புடவையைப் பார்த்தாள். செக்கிங் மேஜையில் விரல் நிற்பதுபோல் ஏதோ நின்றது. "மேடம், ஆபீசுல எது நல்லது? ஒன்னா, அஞ்சா?"

"அஞ்சுக்கா."

"அப்ப நா போட்டதெல்லாம்?"

"தலகீழா படிச்சிட்டேங்க்கா. எல்லாத்தையும்."

கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் தாங்கியிருப்பேன். "நா நெனச்சேன், பிரிச்சிப் பாத்தும் யாரும் மனசுல வாங்கலன்னு" என்றாள். "கட்டி மூலைல போட்டுட்டு, யாருக்கோ குடுக்கணுமேன்னு கேடயத்த எனக்குக் குடுக்கறாங்கன்னு."

"மனசுல வாங்குனேங்க்கா. ஒரு வாரம்கூட விடாம படிச்சேன்."

"அந்த நாலு பொண்ணுங்க?"

"நல்லாத்தான் இருந்தாங்க."

அவள் கட்டைவிரலை மற்ற கையால் பொத்திக்கொண்டாள். "எனக்குத் தெரிஞ்சுது மேடம். தெரிஞ்சும் என் கைய நானே நம்பாம போய்ட்டேன். அப்பறம் மேஜைல உக்காந்தா ஒரு பீஸும் புரியல. நல்லதா கெட்டதான்னு தெரியாம வெச்சிக்னே இருப்பேன்."

எதனால் இப்படி ஆயிற்று என்று கேட்டேன். இவ்வளவுக்குப் பிறகும் எனக்குக் கேட்க வேண்டியிருந்தது.

"காரணம் ஒன்னும் இல்ல மேடம். வீட்டுக்காரு நல்லவரு. புள்ளைங்க நல்லா படிக்குதுங்க. காலைல கண்ண தொறந்தா, எதுக்கு எழுந்துக்கணும்னு இருக்கும். அவ்ளோதான். யார்கிட்ட சொன்னாலும் ஏன்னு கேப்பாங்க. ஏன்னு எனக்கே தெரியாது. உங்க பேப்பரு ஏன்னு கேக்கல. நம்பர் மட்டும் தான் கேட்டுச்சு. அதான் அதுல சொன்னேன். அதுல மட்டும் தான் மேடம் சொன்னேன்."

நான் அழுதேன். மன்னிப்பு என்று ஏதோ உளறினேன். வேலூரில் மனநல டாக்டர் இருக்கிறார், திங்கட்கிழமைக்கு நானே வந்து அழைத்துப் போகிறேன், காரணம் கேட்க மாட்டார் என்றேன். "பாக்கலாம் மேடம்" என்றாள். ஆறுதல் அவள் சொல்ல வேண்டியதாகிவிட்டது. என் முழங்கையைத் தட்டி, "வுடுங்க, நீங்க இன்னா பண்ணுவீங்க, உங்களுக்கு யாரும் சொல்லித் தரல" என்றாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். வாசலில் திரும்பி, "அக்கா, இன்னிக்கி எத்தன? உங்க நம்பர்ல சொல்லுங்க. இப்ப எனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தங்கையைப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"ஒன்னு மேடம். பத்திரமா போய்ட்டு வாங்க."

மேனேஜர் கத்தியபோதும், பெண்கள் பேசாமல் போனபோதும் தப்பாக ஒரு எண்ணைப் போடாதவள். அவள் போட்ட முதல் பொய் அது, எனக்காகப் போட்டது.  செருப்பைக் கழற்றினேன். உள்ளே போய் அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, அந்தக் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பஸ் போனது கேட்டது.